ஏன் இறந்தாள் என்று கேட்ட மாநிலம்

பிரசவ மரணங்களை வீடு தேடிப் போய் விசாரித்துத் தாய்மார்களைக் காப்பாற்றியது தமிழ்நாடு. சாலையில் நாளொன்றுக்கு ஐம்பது பேர் சாகும்போது அந்த விசாரணை எங்கே?

தமிழ்நாட்டில் ஒரு பெண் பிரசவத்தின்போதோ, பிரசவமாகி ஆறு வாரத்துக்குள்ளோ இறந்துபோனால், அந்தத் தகவல் மேலே போய்ச் சேர இருபத்து நான்கு மணி நேரம்தான் கெடு. கிராம சுகாதார செவிலியர் வட்டார மருத்துவ அலுவலருக்குச் சொல்ல வேண்டும். அவர் மாவட்டத்துக்குச் சொல்வார், மாவட்டம் சென்னைக்குச் சொல்லும். சில நாட்களில் மருத்துவர் ஒருவர் இறந்தவரின் வீட்டுக்கே வருவார். கணவர், தாய், மாமியார், கூடப் போன பக்கத்து வீட்டுப் பெண் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். வலி எப்போது வந்தது? யாரிடம் முதலில் சொன்னாள்? கிளம்பலாம் என்று முடிவெடுத்தது யார்? வண்டி எத்தனை மணிக்கு வந்தது? முதலில் எந்த ஆஸ்பத்திரி, அங்கே எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், எங்கே அனுப்பினார்கள்? ரத்தம் எப்போது ஏற்றினார்கள்?

மருத்துவமனையில் தனியாக இன்னொரு விசாரணை நடக்கும். இரண்டும் சேர்ந்து மாவட்ட ஆட்சியரின் கூட்டத்துக்கு வரும். சிகிச்சை கொடுத்தவர்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். இறந்தவரின் உறவினர்களையும் அழைப்பார்கள். தனியார் மருத்துவமனையில் நடந்த மரணம் என்றாலும் விலக்கு இல்லை.

இந்த வழக்கம் தமிழ்நாட்டில் 1990-களின் நடுவிலேயே வேர்விட்டது. மத்திய அரசு இதற்கான வழிகாட்டு நெறிமுறையை நாடு முழுதுக்கும் கொடுத்தது 2010-ல்தான். ஒன்றரைத் தலைமுறையாக இங்கே ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் முன்வைத்து ‘ஏன்’ என்று கேட்டுவருகிறார்கள். மாநிலத்தின் பொதுச் சுகாதாரச் சாதனைகளில் எதை முதலில் சொல்வது என்று யாராவது கேட்டால், கட்டடங்களையும் காப்பீட்டு அட்டைகளையும் விட்டுவிட்டு இந்தக் கேள்வியைத்தான் சொல்வேன்.

பலன் கணக்கில் தெரிகிறது. உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்பதை இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாதிரிப் பதிவு முறையில் கணக்கிடுகிறது. 2001-03-ல் தமிழ்நாட்டில் அது 134. 2018-20-ல் 54. அதே காலத்தில் நாட்டின் சராசரி 97.

விசாரணை மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை அமர்த்தி இரவும் பகலும் பிரசவம் பார்க்க வைத்தார்கள். அறுவை சிகிச்சை, மயக்க மருந்து நிபுணர், ரத்தம் மூன்றும் எந்நேரமும் கிடைக்கும் அவசரகாலப் பிரசவ மையங்களை மாவட்டந்தோறும் அமைத்தார்கள். 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அதே ஆண்டில் கர்ப்பிணிகளைக் கணினியில் பதியும் பிக்மி முறை வந்தது. ஆனால் இவற்றில் பலவும் எங்கே தேவை, எந்த நேரத்தில் தேவை என்று காட்டிக்கொடுத்தவை அந்த மரண விசாரணைகள்தாம். உதிரப்போக்கு நிற்காமல் ஒரு பெண் இறந்தாள் என்பது மருத்துவக் காரணம். இரவு பதினொரு மணிக்கு அவளுடைய வகை ரத்தம் அந்த ஊரில் இல்லை என்பது நிர்வாகக் காரணம். மருத்துவக் காரணம் சான்றிதழில் இருக்கும். நிர்வாகக் காரணம் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால்தான் வெளியே வரும்.

மகப்பேறு நலம் படித்தவர்கள் மூன்று தாமதங்களைச் சொல்வார்கள்: போகலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், சேர்ந்தபின் சிகிச்சை தொடங்குவதில். தமிழ்நாட்டில் முதல் இரண்டும் பெருமளவு சுருங்கிவிட்டன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. மிச்சமிருப்பது மூன்றாவது தாமதம், மருத்துவமனையின் வாசலுக்குள்ளே நடப்பது. இனி இறங்க வேண்டிய எண்கள் இறங்குவதற்குக் கடினமானவை.

இந்த முறைக்கு ஒரு நோயும் உண்டு. விசாரணை, பழி சுமத்தும் இடமாக மாறிவிடலாம். மேலதிகாரியின் கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும் என்ற அச்சம் வந்துவிட்டால், சிறிய மருத்துவமனை சிக்கல் உள்ள கர்ப்பிணியைத் தொட மறுத்து அடுத்த ஊருக்கு அனுப்பும். அவர்கள் அதற்கடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். சாவு யார் கையில் நடக்கிறது என்பதைத் தள்ளிவிடுவதற்கான ஓட்டமாக அது முடியும். யாரையும் குற்றவாளி ஆக்குவதற்கல்ல இந்த ஆய்வு என்று நெறிமுறைகளே சொல்கின்றன. அது எல்லாக் கூட்டங்களிலும் கடைப்பிடிக்கப்படுகிறது என்று சொல்லிவிட முடியாது. தண்டனைக்கு அஞ்சுகிற செவிலியர் பதிவேட்டில் நேரத்தைத் திருத்துவார். திருத்திய நேரத்திலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

முன்சீப்பின் பதிவேடு

இந்த விசாரணைகளை நடத்தும் பொதுச் சுகாதாரத் துறைக்கு நூறு வயதாகிவிட்டது. சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் 1922-ல் உருவானது. அதற்கு முன்பும் பின்பும் கிராமத்தில் பிறப்பையும் இறப்பையும் எழுதிவைத்தவர் கிராம முன்சீப். காலராவில் ஆள் விழுந்தால் மேலே எழுதி அனுப்ப வேண்டியதும் அவர்தான். நோய் எதனால் வந்தது என்று அவருக்குத் தெரியாது. எந்தத் தெருவில், எந்த நாளில் என்று தெரியும். திருவிழாக் கூட்டத்தையும் குடிநீர்க் குளத்தையும் காலராவோடு சேர்த்துப் பார்க்க அதுவே முதல் சான்று.

1939-ல் ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத்தைக் கவனித்தவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அந்த ஆண்டு நிறைவேறிய சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. குறிப்பிட்ட நோய்களைக் கண்டால் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது. பல மாநிலங்களில் இப்படியொரு சட்டமே இல்லை. 2020-ல் முகக்கவசம் அணியாதவருக்கு அபராதம் போட்டபோது, இந்தச் சட்டத்தைத்தான் திருத்திப் பயன்படுத்தினார்கள்.

தமிழ்நாட்டின் தனித்தன்மை சட்டத்தோடு முடியவில்லை. நோயாளியைக் குணப்படுத்தும் துறையையும் நோயே வராமல் தடுக்கும் துறையையும் இங்கே ஒன்றாகக் குழைத்துவிடவில்லை. தடுப்புக்கென்று தனி இயக்குநரகம், தனி நிதி, பொதுச் சுகாதாரம் படித்த மருத்துவர்களின் தனி வரிசை, அவர்களுக்குக் கீழே சுகாதார ஆய்வாளர்கள், செவிலியர்கள். ஒரே துறையாக இருந்தால் பணமும் ஆளும் எப்போதும் மருத்துவமனைக்கே போய்விடும். வாசலில் நிற்கும் நோயாளி கண்ணுக்குத் தெரிகிறார், வராமல்போன காலராவைப் பார்த்தவர் யார்? 2009-10-ல் உலக வங்கியின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டை மற்ற மாநிலங்களுக்குப் பாடமாகக் காட்டியது இந்தப் பிரிவினைக்காகத்தான்.

அதன் பயன் 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு தெரிந்தது. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முகாம்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தன. கிணறுகளில் உப்பும் சேறும். இப்படியொரு நிலையில் அடுத்த சாவுகளை வயிற்றுப்போக்கு கொண்டுவரும் என்று அஞ்சுவதுதான் இயல்பு. மற்ற மாவட்டங்களின் சுகாதார ஆய்வாளர்கள் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளோடு வந்து இறங்கினார்கள். தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதித்தார்கள், கழிவறை அமைத்தார்கள், முகாம் முகாமாக யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பேதி என்று தினமும் கணக்கெடுத்தார்கள். கடலூர் பகுதியில் தட்டம்மை தலைகாட்டியது. கணக்கெடுத்துக்கொண்டிருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. பேரழிவுக்குப் பின் வரக்கூடிய பெருங்கொள்ளை நோய் வரவில்லை. வராத ஒன்றுக்கு நினைவுச் சின்னம் கிடையாது. அந்த ஆய்வாளர்களில் பலர் இன்று ஓய்வுபெற்று எங்கோ இருக்கிறார்கள்.

வேலூரின் அஞ்சலட்டைகள்

காய்ச்சலைக் கண்காணிக்கும் கதை வேலூரில் தொடங்குவதுதான் நியாயம். 1980-களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் துறைப் பேராசிரியர் டி. ஜேக்கப் ஜானும் அவரோடு இருந்தவர்களும் வட ஆற்காடு மாவட்ட மருத்துவர்களிடம் அச்சடித்த அஞ்சலட்டைகளைக் கொடுத்தார்கள். அரசு மருத்துவமனை, மிஷன் மருத்துவமனை, தனியார் கிளினிக் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை. தட்டம்மையோ ரணஜன்னியோ மூளைக் காய்ச்சலோ வந்தால், குறித்துத் தபாலில் போட வேண்டியது மட்டுமே மருத்துவரின் வேலை.

அட்டைகள் வந்தன. ஏன் வந்தன என்பதில்தான் அந்தத் திட்டத்தின் அறிவு இருக்கிறது. வந்த தகவலைத் தொகுத்து மாதந்தோறும் ஒரு செய்தி மடலாக அதே மருத்துவர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் பக்கத்து ஊரில் இது பரவுகிறது, உங்கள் வாசலுக்கும் வரலாம் என்று அது சொன்னது. மருத்துவருக்கு அதனால் பயன் இருந்தது. தவிர, அட்டை வந்தால் மாவட்ட நிர்வாகத்திலிருந்து யாராவது அந்த ஊருக்குப் போனார்கள். 1998-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இந்த முறையை வளரும் நாடுகளுக்கான மாதிரியாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் இதே வழியில் இறங்கியது.

2004-ல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தபோது அட்டையின் இடத்தை மூன்று படிவங்கள் பிடித்தன. களத்தில் இருக்கும் செவிலியர் அறிகுறியை எழுதுவார், மருத்துவர் தன் சந்தேகத்தை எழுதுவார், ஆய்வகம் முடிவை எழுதும். வாரத்துக்கொரு முறை அனுப்பினார்கள். 2021-ல் இணையவழித் தளம் வந்தபின் அன்றாடம் பதிய முடிகிறது. தொழில்நுட்பம் பல மடங்கு முன்னேறிவிட்டது. ஆனால் ஜேக்கப் ஜானின் செய்தி மடல் இருந்த இடம் காலியாகவே இருக்கிறது. இன்று ஒரு சிற்றூரில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் டெங்கு நோயாளியைப் பற்றி அரசுக்குச் சொன்னால், அவருக்குத் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் இன்னும் சில கேள்விகள்தான். தனியார் மருத்துவர்கள் தகவல் தருவதில்லை என்று குறைப்படும் அதிகாரிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மழைக்காலம் வந்தால் எந்த ஊரிலாவது ‘மர்மக் காய்ச்சல்’ என்று செய்தி வரும். தேடிப் போனால் பெரும்பாலும் டெங்கு இருக்கும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல் இருக்கும். அல்லது உண்ணிக் காய்ச்சல். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது அது. அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டதுபோல ஒரு கருந்தழும்பு இருக்கும். அதைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் விலை குறைந்த டாக்சிசைக்ளின் மாத்திரையில் உயிரைக் காப்பாற்றிவிடுவார். பார்க்கத் தெரியாத இடத்தில் நோயாளி மூச்சுத் திணறி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுவார். இந்த வட்டாரத்தில் இந்த மாதம் உண்ணிக் காய்ச்சல் இருக்கிறது என்ற ஒரே ஒரு வரித் தகவல் மருத்துவரின் கைப்பேசிக்கு வந்துவிட்டால் போதும், நோயாளியின் சட்டையைக் கழற்றிப் பார்க்க அவருக்குத் தோன்றும்.

டெங்குவில் கற்றுக்கொண்டது இருக்கிறது. 2012-ல் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு உறுதியாகி 66 பேர் இறந்தார்கள். 2017-ல் 23,294 பேர், 65 மரணங்கள். 2024-ல் 27,000-க்கும் மேற்பட்டோருக்கு வந்தது, இறந்தவர்கள் 13 பேர். நோய் குறையவில்லை, இன்னும் சொன்னால் சோதனை அதிகமானதால் கூடுதலாகவே தெரிகிறது. சாவு குறைந்திருக்கிறது. தட்டணுக்களை மட்டும் பார்த்துப் பதறாமல், ரத்தத்தின் அடர்த்தியைக் கவனித்து, நீர்ச்சத்தைச் சரியான நேரத்தில் ஏற்றப் பழகியிருக்கிறார்கள். காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்துக்கட்டம் என்பதும் இப்போது வீடுகளில் ஓரளவு தெரிந்திருக்கிறது. தொட்டியையும் தேங்காய்ச் சிரட்டையையும் பழைய டயரையும் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்கும் இதில் பங்குண்டு. அவர்களில் பெரும்பாலோர் தற்காலிகக் கூலிக்காரர்கள். மழை முடிந்தால் வேலையும் முடிந்துவிடும்.

எண்ணிக்கை கூடினால் கெட்ட பெயர் என்ற எண்ணம்தான் இந்த வேலையின் பெரும் பகை. 2020 ஜூனில் சென்னையில் கொரோனா மரணக் கணக்கு முரண்பட்டது. மாநகராட்சியின் பதிவேட்டில் இருந்த பெயர்கள் மாநிலத்தின் பட்டியலில் இல்லை. குழு அமைத்துப் பார்த்தார்கள். ஜூலை 22 அன்று விடுபட்ட 444 மரணங்களைப் பட்டியலில் சேர்த்ததாக அரசு அறிவித்தது. விடுபட்டது தவறு. அதை ஒப்புக்கொண்டு சேர்த்தது பாராட்ட வேண்டியது. எந்த ஆட்சியானாலும், கணக்கு குறைவாக இருந்தால் மகிழ்வதை விட்டு, ஏன் குறைவாக இருக்கிறது என்று சந்தேகப்படுவது நல்லது. தமிழ்நாட்டில் பதிவாகும் மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது பாதியைக்கூடத் தொடவில்லை. நாட்டளவில் 2020-ல் அது 22.5 சதவீதம். ‘நெஞ்சுவலி’, ‘முதுமை’ என்று எழுதி முடிக்கப்பட்ட சாவுகளுக்குள் என்னென்ன புதைந்திருக்கின்றன என்று நமக்குத் தெரியாது.

எழுந்து நிற்க முடிகிறதா?

பிரசவ மரணங்களில் கேட்ட அதே ‘ஏன்’ என்ற கேள்வியை ஒரு நோய்க்கும் கேட்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு காசநோய்.

காசநோய் ஆராய்ச்சியில் சென்னைக்குப் பழைய பெயர் உண்டு. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் படுக்கவைத்து மருந்து கொடுப்பதும் வீட்டிலேயே மருந்து கொடுப்பதும் ஒரே அளவு பலன் தருகின்றன என்று 1959-ல் நிறுவியது. உலகம் முழுதும் சானடோரியங்கள் மூடப்பட அது ஒரு முக்கியக் காரணம். ஏழை வீட்டிலேயே இருந்து குணமாகலாம் என்று ஆனது. கூடவே ஒரு பழக்கமும் வந்துவிட்டது. எல்லோரையும் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது.

மாத்திரை தொடங்கியவர்களிலும் சிலர் இறந்துகொண்டிருந்தார்கள். எப்போது என்று பார்த்தால், பெரும்பாலான மரணங்கள் சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களுக்குள். அதாவது மருந்து வேலை செய்யாததால் வந்த சாவுகள் அல்ல அவை. மருந்து தொடங்கும்போதே உடல் உருக்குலைந்திருந்தது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ தொடங்கின. காசநோய் என்று உறுதியானவுடன் செவிலியரோ களப்பணியாளரோ சில விஷயங்களைப் பார்ப்பார். உயரத்துக்கு எடை எவ்வளவு? காலில் வீக்கம் இருக்கிறதா? மூச்சு நிமிடத்துக்கு எத்தனை? விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் எவ்வளவு காட்டுகிறது? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா?

ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், சிறப்பு நிபுணர் வேண்டாம். எடை மிக மோசமாகக் குறைந்திருந்தால், ஆக்சிஜன் 94-க்குக் கீழே இருந்தால், நிற்க முடியவில்லை என்றால், அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மருத்துவமனையில் சேர்த்துச் சத்துணவு கொடுத்து, ஆக்சிஜன் கொடுத்து, சர்க்கரை நோயோ ரத்தசோகையோ இருந்தால் அதையும் பார்த்துத் தேற்றியபின்தான் அனுப்ப வேண்டும். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் சமத்துவம் என்ற எண்ணத்தை இந்தத் திட்டம் உடைத்துவிட்டது. சாகப்போகிறவர் யார் என்று முதல் நாளே தேடிக் கண்டுபிடித்தது. பிறகு அந்தத் தகவல்களை வைத்தே, இன்ன நிலையில் வருபவருக்கு இறப்பு வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று செயலியில் காட்டும் கணக்கையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்க்கும் ஊழியருக்கு, நாளை வரச் சொல்லலாம் என்று தோன்றாது.

பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு மனிதத்தன்மையுள்ள ஒரு வேலையை அண்மைக் காலத்தில் நான் கண்டதில்லை. தொலைக்காட்சி விவாதம் எதிலும் இது இடம்பெறவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நாள்பட்ட நோய்களின் கணக்கு வேறு மாதிரி. 2020-ல் எடுத்த மாநில ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். சர்க்கரையில் 10.8. இந்த இரண்டு எண்களும்தான் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதற்கான நியாயம். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பும் பெண், மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க மாட்டாள். மாத்திரை அவள் வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த ஆய்வில் கட்டுப்பாடு 17 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கிறது. முன்னேற்றம்தான், ஆனாலும் ஆறில் ஐந்து பேர் இன்னும் ஆபத்தில் இருக்கிறார்கள்.

2024 நவம்பரில் பாம்புக்கடியும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்ந்தது, அதே 1939 சட்டத்தின் கீழ். நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மருத்துவமனைக் கணக்குகளில் தெரிவது இதில் சிறு பங்கு. வயலில் கடிபட்டு, மந்திரிப்பவரிடம் போய், வழியிலேயே முடிந்துவிட்ட உயிர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் நஞ்சையும் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு அதுவே முக்கிய மூலம். மருந்துக்கான நஞ்சு இங்கிருந்து கிளம்புகிறது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி இருக்க வேண்டும் என்பதற்கான கணக்குதான் இல்லாமல் இருந்தது. இனியாவது அது சேரட்டும்.

பதினெட்டாயிரம் பேர்

இப்போது சாலைக்கு வருவோம். 2023-ல் தமிழ்நாட்டில் 67,213 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 18,347 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம், மரணத்தில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்.

ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது லட்சம் பிரசவங்கள் நடக்கும் மாநிலத்தில், லட்சத்துக்கு 54 என்றால் பிரசவ மரணங்கள் ஏறத்தாழ ஐந்நூறு வரும். அவை ஒவ்வொன்றுக்கும் வீட்டு விசாரணை, மருத்துவமனை விசாரணை, ஆட்சியர் கூட்டம். சாலையில் அதைப்போல் முப்பத்தைந்து மடங்குக்கு மேல் சாகிறார்கள். அவர்களுக்கு முதல் தகவல் அறிக்கை, பிணக்கூறாய்வு, இழப்பீட்டு வழக்கு.

காவல்துறை கேட்பது யார் மீது குற்றம் என்று. தீர்ப்பாயம் கேட்பது எவ்வளவு தொகை என்று. இரண்டும் தேவைதான். எது இருந்திருந்தால் இவர் பிழைத்திருப்பார் என்ற கேள்வி அந்த இரண்டு கோப்புகளிலும் இல்லை. அமெரிக்காவில் 1960-களில் சாலைப் பாதுகாப்புத் துறையை நடத்திய மருத்துவர் வில்லியம் ஹேடன் இதைத்தான் மாற்றினார். மோதலுக்கு முன், மோதும் கணத்தில், மோதலுக்குப் பின் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆள், வண்டி, சாலை மூன்றையும் தனித்தனியே பாருங்கள் என்றார். ஓட்டுநரின் கவனக்குறைவு என்று ஒரே சொல்லில் கோப்பை மூடும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லாமல் போனது.

தமிழ்நாடு சும்மா இருந்துவிடவில்லை. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் வாசலிலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, சிவப்பை உடனே உள்ளே எடுக்கிறார்கள். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு யாரும் பணம் கேட்கக் கூடாது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் சரி. அதற்கு முன்பு, சட்டைப்பையில் பணம் இல்லாதவர் தனியார் மருத்துவமனை வாசலில் இருந்து திருப்பி அனுப்பப்பட்டது நாம் எல்லோரும் அறிந்த கொடுமை. விபத்து நடந்த இடத்தைக் கைப்பேசியில் பதியும் ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளத்தை நாட்டுக்கே உருவாக்கிக்கொடுத்ததில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பங்குண்டு.

ஆக, துண்டுகள் எல்லாம் கையில் இருக்கின்றன. மோதிய இடம் காவல்துறையிடம். வண்டி வந்த நேரம் 108-இடம். வாசலில் காட்டிய நிறம் மருத்துவமனையிடம். எந்த உறுப்பு சிதைந்தது என்பது பிணக்கூறாய்வு அறிக்கையில். பிரசவ மரணங்களில் பெரும்பாலும் உடற்கூறாய்வு கிடையாது, உறவினரின் சொல்லையும் மருத்துவமனைப் பதிவேட்டையும் நம்பித்தான் காரணம் தேட வேண்டும். சாலை மரணத்தில் சட்டமே கூறாய்வைக் கோருகிறது. ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் உடல்களைத் திறந்து பார்த்து, தலையில் கசிவா, வயிற்றில் கசிவா, தொடை எலும்பு முறிந்து ரத்தம் போனதா என்று எழுதி வைக்கிறோம். எழுதிய தாள் நீதிமன்றக் கட்டில் போய்ச் சேர்கிறது. தலைக்கவசம் தலைக்காயத்தின் ஆபத்தை 69 சதவீதம் குறைக்கும் என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். நம் மாவட்டங்களில் இறந்தவர்களில் எத்தனை பேர் தலைக்காயத்தால் மட்டுமே இறந்தார்கள், எத்தனை பேர் கவசம் இருந்தும் வாரைப் பூட்டாததால் இறந்தார்கள், எத்தனை பேர் முதல் மருத்துவமனையில் ஸ்கேன் இல்லாமல் அடுத்த ஊருக்குப் போகும் வழியில் இறந்தார்கள் என்பதை அந்தக் கட்டுகளிலிருந்தே எடுத்துவிடலாம்.

மூன்று தாமதங்களும் இங்கேயும் இருக்கின்றன. அடிபட்டுக் கிடந்தவரை எடுக்க எவ்வளவு நேரம் ஆனது? எங்கே கொண்டுபோனார்கள், அது சரியான இடமா? சேர்ந்தபின் அறுவை அரங்கு திறக்க எவ்வளவு நேரம்? இதை அந்த வீட்டாரிடமும் 108 ஊழியரிடமும் அவசரப் பிரிவுச் செவிலியரிடமும் கேட்பதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். முப்பது ஆண்டுகளாக இதே மாதிரிக் கேள்விகளைக் கேட்டுப் பழகிய துறை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது.

ஆட்கள் போதுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு கிராம சுகாதார செவிலியர் இன்றைக்கு ஐயாயிரம் பேருக்குப் பொறுப்பு. கர்ப்பிணிப் பதிவும் தடுப்பூசியும் கணக்கும் செயலிகளும் ஏற்கெனவே அவர் தலையில் இருக்கின்றன. ஒரே தகவலைப் பதிவேட்டில் ஒரு முறை, கணினியில் ஒரு முறை, கைப்பேசியில் ஒரு முறை ஏற்றுகிறார்கள். சாலை மரணத்தையும் அவர் மேல் சுமத்துவது அநியாயம். மாவட்ட மருத்துவமனையில் இதற்கென்று ஒரு மருத்துவரும் ஒரு புள்ளியியலாளரும் இருந்தால், எல்லா மரணங்களையும் வேண்டாம், மாதத்துக்குப் பத்து மரணங்களை ஆழமாகப் பார்க்கலாம். ஒரு மாவட்டத்தில் தொடங்கலாம். மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறையும் காவல்துறையும் போக்குவரத்துத் துறையும் அதில் உட்காருகிறார்கள். அந்தப் பத்து மரணங்களின் அறிக்கையை அந்தக் குழுவின் முன் வைத்து, எந்தத் துறை எந்தத் தேதிக்குள் எதைச் சரிசெய்யும் என்று எழுதி வாங்கலாம். அடுத்த கூட்டத்தில் அதை முதலில் படிக்கலாம்.

இதற்குப் புதுச் சட்டம் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. பாம்புக்கடியைத் தெரிவிக்க வேண்டியதாக்கிய அதே 1939 சட்டத்தின் கீழ் சாலையில் ஏற்படும் கடுமையான தலைக்காயத்தையும் கொண்டுவர முடியுமா என்று சட்டத்துறையைக் கேட்கலாம். முடியும் என்றால் தேவைப்படுவது ஓர் அரசாணைதான். முடியாது என்றால் சட்டமன்றம் ஒரு பிரிவைத் திருத்தினால் போதும். முகக்கவச அபராதத்துக்காக அதைத் திருத்தியவர்கள்தானே நாம்.